பிள்ளை கடத்தல் செய்தி தெருக் குழுவுக்கு வந்தால்: சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில், எங்கள் தெருக்களுக்கான வாட்ஸ்அப் குழுவை ஆறு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். பள்ளி திறக்கும் ஜனவரியிலும், நீண்ட விடுமுறைக்கு முந்தைய வாரத்திலும் ஒரே செய்தி சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நிற்கும். வெள்ளை வேன், பள்ளி வாசல், இரண்டு ஆண்கள், ஒரு பெண், முகத்தில் வைத்து அழுத்தும் துணி.

புதிதாகக் குழு நடத்த வருகிறவர்கள் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். சிலர் வந்ததை அப்படியே எல்லோருக்கும் தள்ளிவிடுகிறார்கள். சிலர் நாலு புரளியைப் பார்த்து அலுத்துப்போய், ஐந்தாவது முறை உண்மையாகவே ஒரு தாய் தன் பிள்ளையைத் தேடும்போதும் "இதுவும் அப்படித்தான்" என்று கையைக் கட்டிக்கொள்கிறார்கள். இந்த இரண்டாவது தவறை நானே செய்திருக்கிறேன். இருபது நிமிடம் வீணாயிற்று. பையன் நூலகத்தில் கிடைத்துவிட்டான்; ஆனால் அவனுடைய அம்மா இன்றும் என்னிடம் பழையபடி பேசுவதில்லை.

காணாமல் போன பிள்ளைக்காகக் குழு ஓட வேண்டும். புரளி வந்தால் அதே குழு நிற்க வேண்டும். எது எது என்பதை முதல் ஐந்து நிமிடத்தில் பிரித்துவிட்டால் மற்றவை தாமாக நடக்கும். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். தொலைபேசி எண்கள் தென்னாப்பிரிக்காவுக்கு உரியவை.

1. செய்தி வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டியவை

முதலில் எண்கள். காவல்துறை அவசர எண் 10111. கைப்பேசியிலிருந்து 112. பிள்ளைகளுக்கான சைல்ட்லைன் 116, கட்டணமில்லை. காணாமல் போன பிள்ளைகளுக்காக இயங்கும் மிஸ்ஸிங் சில்ட்ரன் சவுத் ஆப்பிரிக்கா அமைப்பின் எண் 072 647 7464. இவற்றோடு உங்கள் காவல் நிலையத்தின் நேரடி எண், உங்கள் பகுதியில் சுற்றும் காவல் வண்டியின் கைப்பேசி எண், அருகிலுள்ள பள்ளிகளின் அலுவலக எண்கள், பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுநர்களின் எண்கள் ஆகியவற்றையும் சேர்த்து ஒரே செய்தியாகக் குழுவின் மேலே பொருத்தி வையுங்கள். நிலையத்தின் நேரடி எண் தனியாக எதற்கு என்றால், அவசர எண்ணில் நீங்கள் காத்திருக்கும்போதே இன்னொருவர் அங்கே அழைக்கலாம்.

எண்ணைக் குறித்து வைப்பதோடு வேலை முடிவதில்லை. மாதத்துக்கு ஒருமுறை அழைத்துப் பாருங்கள் (அவசர எண்களை விட்டுவிடுங்கள், அவை சோதனைக்கு அல்ல). எங்கள் பட்டியலில் இருந்த ஒரு பள்ளி எண்ணை இரண்டு ஆண்டுகளாக யாரும் சோதிக்கவில்லை. தேவைப்பட்ட நாளில் அழைத்தால் ஒரு டயர் கடைக்காரர் எடுத்தார்.

அடுத்தது ஆட்கள். மூன்று நிர்வாகிகள் வேண்டும். ஒருவர் பள்ளியை அழைப்பவர், ஒருவர் காவல் நிலையத்தை அழைப்பவர், ஒருவர் குழுவில் எழுதுபவர். மூன்றையும் ஒருவரே செய்யப் போனால், அவர் தொலைபேசியில் இருக்கும் நேரத்தில் குழுவில் அறுபது செய்திகள் குவிந்துவிடும். பிற்பகல் ஒரு மணி முதல் மூன்று மணிவரை, அதாவது பள்ளி விடும் நேரத்தில், குறைந்தது இருவராவது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிறவர்களைவிட ஓய்வுபெற்ற தாத்தாக்களும் ஆயாக்களும் இதற்குப் பொருத்தமானவர்கள்.

கடைசியாக ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டியவை: பிள்ளையின் முகம் தெளிவாகத் தெரியும் அண்மைப் படம், உயரம், தழும்பு அல்லது மச்சம், எந்த மருந்து எடுக்கிறது என்ற குறிப்பு. இதைப் பெற்றோர் தங்கள் கைப்பேசியிலேயே வைத்திருக்கட்டும். குழுவில் யாரும் முன்கூட்டியே போட வேண்டாம். இருநூறு பேர் உள்ள குழுவில் நம் பிள்ளைகளின் படமும் பள்ளியும் உயரமும் வரிசையாகக் கிடந்தால், நாம் யாருக்குப் பயப்படுகிறோமோ அவர்களுக்கு நாமே பட்டியல் தயாரித்துக் கொடுத்ததாகும்.

2. முதல் கேள்வி: பெயருள்ள ஒரு பிள்ளை இப்போது காணவில்லையா?

செய்தி வந்ததும் அது உண்மையா பொய்யா என்று ஆராயத் தொடங்காதீர்கள். அதற்கு நேரம் பிடிக்கும். முதலில் இதை மட்டும் கேளுங்கள்: யாருடைய பிள்ளை? பெயர் என்ன? வீட்டார் யார், அவர்களிடம் நான் பேச முடியுமா?

"நாலாவது தெரு செல்வியின் மகள், வேனிலிருந்து இறங்கவில்லை" என்று பதில் வந்தால் பிரிவு 3-க்குப் போங்கள். அந்தத் தாயிடம் உங்களால் பேச முடிந்தாலே போதும், வேறு சான்று வேண்டாம்.

"பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்களாம்" என்று பன்மையில் வந்தால் பிரிவு 4. புரளிக்குப் பெயர் இராது. "பிள்ளைகள்", "ஒரு பள்ளி", "நம் பகுதி" என்றே பேசும். "போகிறார்களாம்" என்ற சொல்லின் கடைசி "ஆம்" ஓசையைக் கவனியுங்கள். சொல்கிறவர் பார்க்கவில்லை என்பதை அவர் வாயே சொல்லிவிடுகிறது.

3. பிள்ளை உண்மையாகவே காணவில்லை என்றால்

முதலில் வீட்டையும் அடுத்த வீடுகளையும் பத்து நிமிடம் தேடுங்கள். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், நிறுத்தி வைத்த காருக்குள், தண்ணீர்த் தொட்டியில், நீச்சல் குளத்தில். குளத்தை முதலில் பாருங்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. வீட்டார் தேடும்போதே நிர்வாகி ஒருவர் வேன் ஓட்டுநரையும் பள்ளியையும் பிள்ளையின் இரண்டு நண்பர் வீடுகளையும் அழைக்க வேண்டும்.

பத்து நிமிடத்தில் கிடைக்காவிட்டால் 10111. பிறகு காவல் நிலையம். இங்கே ஒரு பிடிவாதமான தவறான நம்பிக்கை உண்டு: இருபத்துநாலு மணி நேரம் கழித்துத்தான் புகார் எடுப்பார்கள் என்பது. அப்படி ஒரு காத்திருப்பு விதி தென்னாப்பிரிக்காவில் கிடையாது. மேசையில் இருப்பவரே "நாளை வாருங்கள்" என்று சொன்னாலும் நகராதீர்கள். நிலையப் பொறுப்பாளரைப் பார்க்க வேண்டும் என்று அமைதியாகக் கேளுங்கள். நிலையத்துக்குப் போகும்போது தாயுடன் ஒருவர் போக வேண்டும் என்பது இதற்காகத்தான். பதறிய தாய் ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டால் அழுதுகொண்டே வந்துவிடுவார். கூட இருப்பவருக்கு அந்தப் பதற்றம் இராது.

நிலையத்தில் எஸ்.ஏ.பி.எஸ். (தென்னாப்பிரிக்கக் காவல்துறை) 55(ஏ) என்ற படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். பொய்ப் புகார் அல்ல என்பதற்கான உறுதியும், படத்தைப் பரப்பக் காவல்துறைக்கு நீங்கள் தரும் ஒப்புதலும் அதில் அடங்கும். இதில் கையெழுத்துப் போடாமல் படம் வெளியே போகாது. சிலர் "கையெழுத்தா, வழக்கறிஞரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று தயங்குவார்கள். தயங்க வேண்டாம். அந்த நாள் பிள்ளை அணிந்திருந்த உடை, கடைசியாகப் பார்த்த இடம், நேரம், உடன் இருந்தவர் ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கொண்டு போங்கள்; அங்கே போய் நினைவுபடுத்திக்கொள்ள முயன்றால் சட்டை நிறம்கூட மறந்துபோகும்.

வீட்டில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். எல்லோரும் தேடக் கிளம்பிவிட, பிள்ளை தானே வந்து பூட்டிய கதவின் முன் நின்று, மறுபடி தெருவில் இறங்கிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

குழுவில் படம் போடும்போது தொடர்பு எண்ணாகக் காவல் நிலைய எண்ணையோ விசாரிக்கும் அலுவலரின் எண்ணையோ போடுங்கள். தாயின் சொந்த எண் வேண்டாம். அரை மணி நேரத்தில் "பிள்ளை என்னிடம் இருக்கிறது, பணம் அனுப்பு" என்று ஏதாவது ஒரு வெறும்பயல் அழைப்பான். அதற்கும் அவர் ஓட வேண்டியிருக்கும். உண்மையான அழைப்பு வரும்போது எண் பேச்சில் இருக்கும்.

பிள்ளை கிடைத்ததும் படத்தை நீக்குங்கள். "கிடைத்துவிட்டாள்" என்ற செய்தியும் படம் போன எல்லா இடத்துக்கும் போக வேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம். மூன்று ஆண்டுகளுக்கு முன் காணாமல் போய் மறுநாளே கிடைத்த ஒரு பெண்ணின் படம் இன்றும் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட் ஊரின் குழுக்களில் சுற்றுகிறது. அவள் இப்போது உயர்நிலைப் பள்ளி மாணவி. அவளுக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கும்!

4. பெயரில்லாத செய்தி என்றால்: முதலில் குழுவை நிறுத்துங்கள்

சரிபார்க்கத் தொடங்குவதற்கு முன் இந்த அமைப்பை மாற்றுங்கள்: நிர்வாகிகள் மட்டும் எழுதலாம். வாட்ஸ்அப் குழு அமைப்புகளில் இது இருக்கிறது. பிறகு ஒரு வரி எழுதுங்கள். எங்கள் குழுவில் நான் எழுதுவது இது:

"பள்ளி வாசல் பற்றிய குரல் பதிவு கிடைத்தது. பள்ளியையும் காவல் நிலையத்தையும் இப்போது அழைக்கிறோம். 2.45-க்குள் பதில் எழுதுவோம். அதுவரை வேறு குழுக்களுக்கு அனுப்ப வேண்டாம். உங்கள் பிள்ளையைப் பற்றிக் கவலை இருந்தால் நேரடியாக என்னை அழையுங்கள்."

நேரம் குறிப்பிடுவது முக்கியம். "விரைவில் சொல்கிறோம்" என்றால் யாரும் காத்திருக்க மாட்டார்கள், தாமாகவே தெருவில் இறங்கிவிடுவார்கள். சொன்ன நேரத்தில் விடை தெரியாவிட்டாலும் "இன்னும் தெரியவில்லை, 3.15-க்கு எழுதுகிறோம்" என்றாவது எழுதுங்கள்.

எங்கள் குழுவில் பாதிப்பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஆகவே இதே வரி ஆங்கிலத்திலும், அண்டை வீட்டார் உள்ள குழுவுக்குச் சூலு மொழியிலும் போகிறது. மூன்று மொழியிலும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் மொழிபெயர்த்தால் "கடத்தல் நடந்தது" என்று ஒரு சொல் தவறி விழும்.

5. செய்தியைப் பிரித்துப் பாருங்கள்

கடந்த ஜனவரியில் வந்த ஒரு குரல் பதிவை எழுத்தில் தருகிறேன்: "வணக்கம் எல்லோருக்கும், இன்று காலை நம் பள்ளிக்கு வெளியே வெள்ளை குவாண்டம் வேன், இரண்டு பிள்ளைகளை இழுத்திருக்கிறார்கள், என் அண்ணி அங்கேதான் வேலை செய்கிறார், காவல்துறையே சொல்லிவிட்டது, தயவு செய்து எல்லோருக்கும் அனுப்புங்கள்."

"இன்று காலை". எந்த இன்று? குரல் பதிவுக்குத் தேதி கிடையாது. அதை முன்னனுப்பும் ஒவ்வொரு நாளும் "இன்று" ஆகிவிடுகிறது. இந்த ஒரு சொல்லால்தான் அது ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கிறது.

"நம் பள்ளி". பெயர் இல்லை. கேட்பவர் தன் பிள்ளையின் பள்ளியைத் தானே நிரப்பிக்கொள்கிறார்.

"வெள்ளை குவாண்டம்". குவாண்டம் என்பது டொயோட்டாவின் வேன். டர்பன் சாலைகளில் ஓடும் டாக்ஸிகளில் எத்தனை வெள்ளை குவாண்டம் என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டிகளும் அதேதான். வண்டி எண் இல்லாத வெள்ளை வேன் என்பது காக்கை கறுப்பு என்பது போல.

"என் அண்ணி". அண்ணி பார்த்தாரா, கேள்விப்பட்டாரா? அண்ணியின் எண்ணைக் கேளுங்கள். பத்துக்கு ஒன்பது முறை அண்ணிக்கும் ஓர் அண்ணி இருப்பார்.

"காவல்துறையே சொல்லிவிட்டது". எந்த நிலையம், எந்த அலுவலர்? குற்ற வழக்குப் பதிவாகியிருந்தால் அதற்கு எண் உண்டு: நிலையத்தின் பெயர், சி.ஏ.எஸ். என்ற எழுத்துகள், அந்த மாதத்தின் வரிசை எண், மாதம், ஆண்டு. இந்த வடிவில் எண் இருந்தால் நிலையத்தில் கேட்டால் தெரியும். இல்லாவிட்டால் "சொல்லிவிட்டது" என்பது வெறும் சொல்.

செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். பல கை மாறி வந்தது என்பதற்கு வாட்ஸ்அப் இடும் அடையாளம் அது. 2020 ஏப்ரல் முதல் அப்படிப்பட்ட செய்தியை ஒரே நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும். உங்கள் அக்கா "நானே பார்த்தேன்" என்று அனுப்பியதில் இரட்டை அம்பு இருந்தால், அவர் பார்த்தது செய்தியைத்தான்.

காணொளி என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 2018-இல் இந்தியா முழுக்கச் சுற்றிய ஒரு காணொளியில், இரு சக்கர வண்டியில் வந்த இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அசலில் அவர்கள் சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஓர் அட்டையை விரித்துக் காட்டுவார்கள். அந்தக் கடைசி நொடிகளை யாரோ வெட்டிவிட்டார்கள். மிச்சம் இருந்ததைப் பார்த்தவர்கள் நம்பினார்கள். ஆகவே காணொளி சட்டென்று முடிந்தால், அடுத்து என்ன வந்திருக்கும் என்று கேளுங்கள். ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட்டாகப் பிடித்துக் கூகுளின் படத் தேடலில் போடுங்கள். கடைப் பலகை, வண்டி எண் பலகை, வண்டி ஓடும் பக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடினால் அது நம் நாடு அல்ல.

6. அழைக்கும்போது என்ன கேட்பது

வரிசை: பள்ளி அலுவலகம், பிறகு காவல் நிலையம், பிறகு ஓட்டுநர். ஒரு பிள்ளை குறைந்தால் முதலில் தெரிவது பள்ளிக்குத்தான். ஓட்டுநர் கடைசி, ஏனென்றால் அவரும் நான்கு குழுக்களில் இருக்கிறார். நீங்கள் கேட்பதற்கு முன்பே அவருக்கு அந்தப் பதிவு வந்திருக்கும்.

கேள்வியை எப்படிப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. "உங்கள் பள்ளி வாசலில் வெள்ளை வேனில் பிள்ளைகளைத் தூக்கினார்களாமே?" என்று கேட்டால், அலுவலகத்தில் இருப்பவர் "ஆமாம், நாங்களும் கேள்விப்பட்டோம்" என்பார். நீங்கள் குழுவில் "பள்ளி உறுதிப்படுத்தியது" என்று எழுதுவீர்கள். புதியவர்கள் விழும் குழிகளில் இதுவே ஆழமானது. நம் புரளியை நாமே கொண்டுபோய்க் கொடுத்து, நாமே சான்றாக வாங்கி வருகிறோம்.

இப்படிக் கேளுங்கள்: "இன்று எல்லாப் பிள்ளைகளும் கணக்கில் இருக்கிறார்களா? வாசலில் ஏதாவது நடந்ததா? யார் பார்த்தார்?" வேன், துணி, பெண் எதையும் நீங்கள் சொல்லாதீர்கள். அவர்கள் தாமாகச் சொல்கிறார்களா என்று பொறுங்கள்.

காவல் நிலையத்தில் "விசாரித்துக்கொண்டிருக்கிறோம்" என்பார்கள். அதற்குப் பொருள் உங்களைப் போல இன்னும் முப்பது பேர் அழைத்தார்கள் என்பதாகவும் இருக்கலாம். "புகார் பதிவாகியிருக்கிறதா, பெற்றோர் யாராவது வந்தார்களா?" என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். பதில் சொன்னவரின் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடத்தல் நடப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்த நாட்டில் அது நடக்கிறது. காவல்துறையின் காலாண்டுப் புள்ளிவிவரங்களில் அதற்குத் தனி வரி உண்டு. அதில் பெரும்பகுதி வாகனப் பறிப்போடும் கொள்ளையோடும் சேர்ந்து நடப்பவை, சில பணம் கேட்டு நடப்பவை. அதனால்தான் அழைத்துப் பார்க்காமல் "புரளி" என்று எழுதுவதும் தவறு.

7. யாரையாவது பிடித்து வைத்திருந்தால்

எதுவும் நடக்காமல் போக வேண்டும் என்று விரும்பும் பகுதி இது. ஆனால் நடந்திருக்கிறது, எங்கள் தெருவிலேயே.

நகராட்சி வண்டி வரும் நாளில், குப்பைப் பைகளைப் பிரித்து விற்கக்கூடியவற்றை எடுக்கும் ஒருவர் தள்ளுவண்டியோடு வருவார். அட்டையும் தாளும் உள்ள செம்மஞ்சள் பைகளைத்தான் அவர் தேடுவார், சில நேரம் கருப்புப் பைகளையும். முந்தைய நாள் மாலை ஒரு குரல் பதிவு சுற்றியிருந்தது. காலை ஏழரைக்கு எட்டுப் பேர் அவரைச் சுவரோடு நிறுத்தி மூட்டையைக் கொட்டியிருந்தார்கள். அட்டை, இரண்டு குழம்புப் பாத்திர மூடிகள், ஒரு பிள்ளையின் டேக்கி, அதாவது ஓட்டக் காலணி. இடது கால் மட்டும். அந்த ஒற்றைக் காலணியைப் பார்த்ததும் கூட்டத்தின் குரல் மாறிவிட்டது. நான் எடுத்துப் புரட்டினேன். அடிப்பகுதி பிளந்திருந்தது. நாக்கின் உள்பக்கம் மார்க்கர் பேனாவில் ஒரு பெயர். நான்கு வீடு தள்ளி இருக்கும் சிறுவனின் பெயர். அவனுடைய அம்மாவை அழைத்தேன். "அதை நான்தானே நேற்று இரவு குப்பையில் போட்டேன், அண்ணா. அவன் இதோ கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறான்" என்றார். வலது கால் அவர்கள் வீட்டுப் பையிலேயே கிடந்தது.

அன்று அந்தப் பெயர் எழுதப்படாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைக்க விரும்பவில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போன வழியில் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்த சென்னை மூதாட்டி ஒருவரைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று அடித்தே கொன்றார்கள்.

அப்படி ஒரு கூட்டத்தைக் கண்டால் செய்ய வேண்டியது இது. முதலில் 10111, "கூட்டம் ஒருவரைப் பிடித்து வைத்திருக்கிறது, உயிருக்கு ஆபத்து" என்ற சொற்களோடு. கடத்தல் என்ற சொல்லை முதலில் சொல்லாதீர்கள். அடுத்து, இருவராகப் போய் அந்த மனிதரை ஒரு வீட்டு முற்றத்துக்குள் அழைத்து உட்கார வைத்து, வாசற்கதவைச் சாத்துங்கள். நின்றுகொண்டிருப்பவரை அடிப்பது எளிது. உட்கார்ந்து தண்ணீர் குடிப்பவரை அடிக்கக் கை எழாது. அவரிடம் விசாரணை நடத்தாதீர்கள். பயந்தவர் தடுமாறுவார், தடுமாற்றத்தைக் கூட்டம் குற்றமாகப் படிக்கும். யாரையும் படம் எடுக்க விடாதீர்கள். அந்தப் படம்தான் அடுத்த ஊரின் புரளி.

"குடிமகன் கைது செய்யலாமே" என்று ஒருவர் நிச்சயம் வாதாடுவார். 1977-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, கடத்தல் போன்ற கடுமையான குற்றங்களில் நியாயமான சந்தேகம் இருந்தால் அதை அனுமதிக்கிறது. ஆனால் குரல் பதிவு நியாயமான சந்தேகம் ஆகாது. பிடித்தவரை விரைவில் காவல்துறையிடம் ஒப்படைக்கவும் வேண்டும். மூட்டையைக் கொட்டுவதும் கன்னத்தில் அறைவதும் அந்தப் பிரிவில் இல்லை.

புரளி எப்போதும் ஒரே வகை ஆளைத்தான் தேடிப் போகிறது என்பதையும் கவனித்திருக்கிறேன். குப்பை பொறுக்குபவர், அயல்நாட்டவர், நம் நிறம் அல்லாதவர். 2021 ஜூலைக் கலவரத்தின்போது டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் தெருவுக்குத் தெரு தடுப்புப் போட்டு நின்ற நாட்களில் கைப்பேசிச் செய்திகள் எப்படிப் பறந்தன என்று அங்கே உறவினர் உள்ளவர்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் அங்கே முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எந்தக் குழுவிலும் இதைப் பேச யாருக்கும் விருப்பமில்லை. குழு நடத்துகிறவர் மறக்கவும் கூடாது.

8. திருத்தம் எழுதுதல்

உண்மையை முதல் வரியில் எழுதுங்கள்: "இன்று பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் பத்திரமாக இருக்கிறார்கள். 2.20-க்கு அலுவலகத்தில் பேசினோம். காவல் நிலையத்தில் புகார் எதுவும் இல்லை." புரளியை விவரமாகத் திரும்பச் சொல்லி "இது பொய்" என்று முடிக்காதீர்கள். பாதி படித்துவிட்டு அனுப்புகிறவர்கள் முன்பாதியைத்தான் அனுப்புவார்கள்.

அடுத்து, மூலச் செய்தியை நீக்குங்கள். நிர்வாகி என்ற முறையில் மற்றவர் போட்டதையும் எல்லோருக்கும் நீக்கும் வசதி உங்களுக்கு உண்டு.

அனுப்பியவரைக் குழுவில் வைத்துத் திட்டாதீர்கள். தனியாக அழையுங்கள். எங்கள் குழுவில் அதிகமாக அனுப்புகிறவர் ஓர் அக்கா. பேத்தி வேனில் வருகிறாள், மகள் நகரத்தில் வேலை, வீட்டில் இவர் தனியாக. "அக்கா, நீங்கள் அனுப்பியதைப் பார்த்தேன். பேத்தி வந்துவிட்டாளா?" என்றுதான் தொடங்குவேன். வந்துவிட்டாள் என்றதும் அவர் குரல் இறங்கும். பிறகுதான் மற்றது. "அடுத்த முறை குழுவில் போடுவதற்கு முன் எனக்கு அனுப்புங்கள், நான் பள்ளியை அழைக்கிறேன்" என்று சொன்னேன். இப்போது புரளி எதுவானாலும் எனக்குத்தான் முதலில் வருகிறது. திட்டி வெளியேற்றியிருந்தால் அவர் வேறு குழுவில் போட்டிருப்பார், எனக்குத் தெரியவே தெரியாது.

கேட்காதவர்களுக்குச் சட்டத்தைச் சொல்லலாம். ஒருவர் மீதோ ஒரு பிரிவினர் மீதோ வன்முறையைத் தூண்டும் மின்செய்தி அனுப்புவது 2020-ஆம் ஆண்டின் சைபர் குற்றச் சட்டப்படி குற்றம். ஆனால் இதை முதல் ஆயுதமாக எடுக்காதீர்கள்.

9. பிள்ளைகளிடம் பேசுவது

சோறு ஊட்ட "பிள்ளை பிடிக்கிறவன் வருவான்" என்று சொல்வதை நிறுத்துங்கள். மூட்டை சுமந்து போகும் மனிதரைக் காட்டி அதைச் சொன்னவர்கள் நாம்தான். அந்தப் பிள்ளை வளர்ந்துதான் கூட்டத்தில் நிற்கிறது.

பதிலாக மூன்று பழக்கங்களைக் கற்றுக்கொடுங்கள். பெற்றோரில் ஒருவரின் எண்ணை மனப்பாடமாகச் சொல்வது. யார் கூப்பிட்டாலும், தெரிந்த மாமாவே கூப்பிட்டாலும், வீட்டில் சொல்லாமல் வண்டியில் ஏறாதது. வேறொருவர் அழைத்துப்போக வந்தால் வீட்டுக்குள் வைத்திருக்கும் இரகசியச் சொல்லைக் கேட்பது. "தெரியாதவரிடம் பேசாதே" என்பது மட்டும் போதாது, ஏனென்றால் தீங்கு தெரிந்தவரிடமிருந்தும் வரும். தவிர, தொலைந்துபோன பிள்ளை தெரியாதவரிடம்தான் உதவி கேட்டாக வேண்டும்.

கோயில் திருவிழாவுக்குத் தனிக் குறிப்பு. புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப், இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில்களில் சேரும் கூட்டத்தில் பிள்ளை கை நழுவுவது சாதாரணம். மணிக்கட்டில் எண்ணை எழுதுங்கள். மஞ்சள் குங்குமத்தில் அழியாத பேனாவாக இருக்கட்டும். கிடைத்த பிள்ளையின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லாதீர்கள். "ஒரு பிள்ளை அலுவலகத்தில் இருக்கிறது, பெற்றோர் வரவும்" என்பது போதும். பெயர், உடை, வயது ஆகியவற்றை வருகிறவர் சொல்லட்டும். பெயரை நாமே அறிவித்துவிட்டால் யார் வேண்டுமானாலும் வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம்.

10. குறிப்பேடு

ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். செய்தி வந்த தேதி, நேரம், யாரிடமிருந்து, யாரை அழைத்தோம், என்ன பதில், எப்போது திருத்தம் எழுதினோம். ஐந்து நிமிட வேலை. நான்காவது பதிவிலேயே இதன் பயன் தெரிந்துவிடும். கடந்த ஜனவரியில் வந்த அந்தக் குரல் பதிவைக் கேட்டதும் பின்னணியில் ஒரு நாய் இரண்டு முறை குரைத்தது எங்கேயோ கேட்டது போல இருந்தது. நோட்டைப் புரட்டினேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதியிருந்தேன்: "பெண் குரல், அண்ணி, குவாண்டம், நாய்." அதே பதிவு. பள்ளியை அழைத்துக் கேட்டுவிட்டு, சொன்ன நேரத்துக்கு இருபது நிமிடம் முன்பே பதில் எழுதிவிட்டேன்.

நோட்டின் பின்னட்டையில் எண்களும், அவற்றைக் கடைசியாகச் சோதித்த தேதியும் இருக்கட்டும். எங்களுடையது மாதத்தின் முதல் சனிக்கிழமை, தமிழ் வகுப்பு முடிந்ததும்.